சுற்றுக்கு விட்ட அட்டைகள்

பூபதியின் வலது கட்டை விரல் பதினொரு மாதம் கழித்து அசைந்தது. ஆனால் அதை அசைத்தது பூபதி இல்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஜெனிஃபர் என்கிற பெண் எட்டு போல வளைந்த கறுப்புக் காந்தச் சுருள் ஒன்றை அவன் தலையின் இடப்பக்கம் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். டக் என்றது. மடியில் கிடந்த விரல் துள்ளி விழுந்தது.

"இன்னாம்மா இது, என்னைக் கேக்காமயே ஆடுது! இன்னொரு தபா அடிம்மா."

ஜெனிஃபர் இன்னொரு தரம் அழுத்தினாள். விரல் மறுபடியும் துள்ளியது. பூபதிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வலைக்காரன், நாற்பத்து நான்கு வயது, கடலிலும் ஏரியிலும் எத்தனையோ பார்த்தவன், ஒரு விரல் ஆடியதற்கு அழுதான். வீட்டில் இதை அவன் சொல்லவே இல்லை.

"இது அளவு பாக்கறதுக்கு மட்டும்தாண்ணா," என்றாள் ஜெனிஃபர். "நாளைக்கு சிகிச்சை ஆரம்பிச்சா இதைவிடக் கம்மியாத்தான் வைப்போம். விரல் துள்ளாது. காதுல டக் டக்குன்னு சத்தம் மட்டும் கேக்கும்."

துள்ளுகிற விரலைக் காட்டிவிட்டு, இனிமேல் துள்ளாது என்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்? பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது.

பூபதிக்குப் பக்கவாதம் வந்தது போன வருஷம். காலும் பேச்சும் இரண்டு மாதத்தில் தேறிவிட்டன. வலது கைதான் மூடவில்லை. பழவேற்காட்டில் தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பம் அவனுடையது. அங்கே கை மூடாதவனுக்கு ஏரியில் வேலையில்லை என்பதுகூடப் பெரிதில்லை. வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அவன் பயந்தது பாடு போய்விடும் என்றுதான்.

பழவேற்காட்டு ஏரியில் எல்லாத் தண்ணீரும் ஒன்றில்லை. முகத்துவாரத்துப் பக்கம் இருக்கும் இடங்களில் இறால் கொட்டும். உள்ளே தள்ளிப் போனால் நண்டு வலையைக் கடித்ததுதான் மிச்சம். நல்ல இடத்தை வலுத்தவனே பிடித்துக்கொண்டால் இளைத்தவன் என்ன செய்வான்? அதற்குத்தான் பாடு வைத்தார்கள். இந்தத் தடவை நல்ல இடம் இந்தக் கூட்டத்துக்கு, அடுத்த தடவை அந்தக் கூட்டத்துக்கு, அதற்கடுத்து மூன்றாவதுக்கு என்று முறை சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் இன்ன தேதியில் எந்தக் கூட்டம் எங்கே நிற்கும் என்று கேட்டால் குப்பத்தில் யாரும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு கூட்டத்துக்கு ஆறு பேர், வலையைக் கட்ட ஆறு கழி. அவனவன் கழியை அவனவன்தான் ஏரியில் நட வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. ஆறு கழியும் நின்ற பிறகுதான் வலை இறங்கும். தொடர்ந்து மூன்று சுற்று வராதவனுடைய இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவனுக்குப் போய்விடும். பூபதிக்கு அந்தப் பதினொரு மாதத்தில் இரண்டு சுற்று போய்விட்டது. மூன்றாவது, ஆவணி முதல் வாரம். மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் முப்பது தடவை வரச் சொல்லியிருந்தார்கள். வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் முப்பது முடியவும் ஆவணி பிறக்கவும் சரியாக இருக்கும் என்று அவன் எண்ணி வைத்திருந்தான்.

இந்தக் காந்தச் சிகிச்சை ஆராய்ச்சியை நடத்தியவர் டாக்டர் தேவதர்ஷினி. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். முதல் நாள் பூபதியையும், மீஞ்சூரிலிருந்து வந்திருந்த இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். ஒருவர் ஞானதாஸ், தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தவர். இன்னொருவர் ரோசி, தையல்காரி. மூன்று பேருக்கும் ஒரே கதை: பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது.

"மூளையில யோசிக்கற, கட்டளை போடற நரம்பு செல்லுங்க மட்டும் இல்ல," என்றார் டாக்டர். "அதுங்களைச் சுத்தி கிளியான்னு வேற செல்லுங்க இருக்கு. சோறு போடும், குப்பை கூட்டும், காவல் காக்கும். அடி பட்டா முதல்ல ஓடி வர்றது அதுங்கதான். அடிபட்ட இடத்தைச் சுத்தி வேலி மாதிரி நின்னுக்கும். ஆரம்பத்துல அது நல்லது. ஆனா மாசக்கணக்கா பதட்டம் அடங்காமயே நின்னுட்டா, பொழைச்ச நரம்பு புதுசா வழி போட முடியாம போகலாம்."

பூபதிக்கு இது சட்டென்று பிடிபட்டது. புயலில் கூரை போன வீட்டுக்கு ஊரே ஓடி வரும். முதல் நாள் அது உதவி. பத்தாம் நாளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் வீட்டுக்காரன் எந்தப் பக்கம் போய்க் கூரை போடுவது?

"அந்தக் காந்த அலை இவங்கள சமாதானம் பண்ணி அனுப்புமா?" என்று கேட்டான்.

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்துச் சிரித்தார். "அதேதான் கேள்வி. அலை நரம்பை ஆட்டுதுன்னு தெரியும், உங்க விரல் துள்ளிச்சே. கிளியாவை என்ன பண்ணுதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. பதட்டமா இருக்கற கிளியாவுலேர்ந்து ஒரு புரதம் ரத்தத்துல கசியும். வாரா வாரம் ரத்தம் எடுத்து அது ஏறுதா இறங்குதான்னு பாப்போம். உங்க கை சரியாகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

பிறகுதான் அந்த அட்டை விஷயத்தைச் சொன்னார். மொத்தம் பன்னிரண்டு நோயாளிகள். ஆளுக்கு ஓர் அட்டை. சிலருடைய அட்டையைச் சொருகினால் எந்திரம் நிஜ அலையை விடும். மற்றவர்களுடையதைச் சொருகினால் வெறும் சத்தம், அவ்வளவுதான். யாருடையது எது என்று டாக்டருக்கும் தெரியாது, ஜெனிஃபருக்கும் தெரியாது. அதனால் அட்டையை நோயாளியே வைத்திருந்து சொருக வேண்டும், ஜெனிஃபர் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். அலை வாங்கினவர்களையும் வாங்காதவர்களையும் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மூன்று பேரும் கேட்டுக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள், இடது கையால்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கேயிருந்து சென்னைக்கு ரயில். ரோசியும் ஞானதாஸும் மீஞ்சூரில் ஏறுவார்கள், திரும்பும்போது அங்கேயே இறங்குவார்கள். மூன்றாவது தடவை முடிந்து திரும்புகிற ரயிலில் ஞானதாஸ்தான் பேச்சை எடுத்தார்.

"மண்டைல சுருக் சுருக்குன்னு குத்துதுங்க. எறும்பு கடிக்கற மாதிரி. உங்களுக்கு?"

"எனக்கும் அப்டித்தான்," என்றாள் ரோசி.

பூபதிக்கு ஒன்றுமே குத்தவில்லை. காதில் டக் டக் கேட்டது. தலையில் யாரோ ஈர விரலால் தொட்ட மாதிரி லேசாக இருந்தது. அவ்வளவுதான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ எனக்குக் குடுத்தது வெத்துக் கார்டு," என்றான். "உங்க ரெண்டு பேருக்கும் நல்ல தண்ணி. எனக்கு நண்டுத் தண்ணி."

நண்டுத் தண்ணி என்றால் என்ன என்று ரோசி கேட்டாள். பூபதி பாடு முறையைப் பற்றிச் சொன்னான். நல்ல இடம் ஒருத்தனுக்கே நிலைக்கக் கூடாது, கெட்ட இடமும் ஒருத்தனுக்கே நிலைக்கக் கூடாது, அதுதான் நியாயம் என்றான். தன் ஆவணிக் கழியைப் பற்றியும் சொன்னான். சொல்லும்போது கெஞ்சக் கூடாது என்றுதான் நினைத்தான். குரல் கெஞ்சியது.

ரயில் அத்திப்பட்டைத் தாண்டியது. பிறகு ரோசி கைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து மடியில் வைத்தாள். "சுத்திக்கலாம்ணா. மூணு பேரும் மாத்தி மாத்தி. எனக்கு ஒரு நாள் போனா என்ன ஆயிடப் போவுது?"

ஞானதாஸ் யோசித்தார். டாக்டருக்குத் தெரிந்தால் வம்பு என்றார். கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்றார். பிறகு பூபதியின் தொங்கிய கையைப் பார்த்தார். "சரி, போங்க," என்று தன் அட்டையையும் நீட்டினார்.

ஏமாற்றுகிறோம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. ஒருத்தருக்கு அலையும் ஒருத்தருக்கு வெறும் சத்தமும் கொடுக்கிற ஆராய்ச்சிதான் அநியாயம், தாங்கள் அதை நேர் பண்ணுகிறோம் என்றே பூபதி நினைத்தான். நான்காவது தடவை அவன் ஞானதாஸின் அட்டையைச் சொருகினான். மண்டையில் சுருக்கென்று குத்தியது. ஆகா, இதுதான் நல்ல தண்ணீர் என்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெனிஃபர் என்னவோ ஏதோவென்று பயந்துபோனாள்.

ஆறு வாரம் ஓடியது. பதினெட்டு தடவை முடிந்தது. பூபதியின் விரல்கள் பாதி மூடின. கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது, ஆனால் பிடிக்கவில்லை. ரோசி கத்தரிக்கோலைக் கையில் எடுத்துத் துணியில் ஒரு சாண் நேராக வெட்டியதாகச் சொன்னாள். ஞானதாஸுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இன்னும் பன்னிரண்டு தடவை இருக்கிறது, அதற்குள் கட்டை விரல் வந்துவிடும் என்று பூபதி உறுதியாக நம்பினான்.

பதினெட்டாவது தடவையன்று டாக்டர் தேவதர்ஷினி ரத்தம் எடுக்கும் அறையில் தானே வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. பூபதி என்னம்மா என்று கேட்டான். அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சொன்னார்.

"வெளியிலேர்ந்து ஒரு குழு பாதியில கணக்குப் பாத்தாங்க. அலை வாங்கினவங்க ரத்தத்துக்கும் வாங்காதவங்க ரத்தத்துக்கும் வித்தியாசமே இல்லையாம். கிளியா அசையவே இல்லன்னு அர்த்தம். இந்தப் பன்னெண்டு பேர் முடிஞ்சதும் நிறுத்திடலாம்னு எழுதிட்டாங்க. ரெண்டு வருஷமா இதுக்குத்தான் அலைஞ்சேன். பரவால்ல, இல்லைன்னு தெரிஞ்சதும் ஒரு விஷயம்தான்."

பூபதி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தான். வித்தியாசம் எப்படித் தெரியும்? நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கியவனே அவன்தானே.

வீட்டுக்குப் போய் மனைவி சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பழவேற்காட்டுச் சந்தையில் இறால் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்ன யாருய்யா ஆஸ்பத்திரில போய்ப் பாடு வெக்கச் சொன்னது?" என்றாள். திட்டுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. "சரி, வெச்சது வெச்சிட்ட. முப்பது தபாவும் முடியட்டும். அப்பால போய்ச் சொல்லு. இப்பவே சொன்னா தொரத்திடுவாங்க. கழி யாரு நடுவா?"

"முப்பது முடியற வரைக்கும் வாராவாரம் ரத்தம் எடுப்பாங்க சரோஜா. எல்லாம் தப்பு ரத்தம். அந்தம்மா அத்த வெச்சு எழுதிடும். நாளைக்கு வேற எவனோ கை விழுந்து வருவான். அத்த செஞ்சு பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கலன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. நடந்துச்சா நடக்கலயான்னே தெரியாது. தெரியாம பண்ணது நானு."

"உனக்குக் கை வேணாமா?"

"வேணும்." அவன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். "வேணும் சரோஜா. ஆனா எந்த எடத்துல நின்னேன்னு பொய் சொல்லிட்டு ஏரில எறங்கினவன் ஒருத்தனைக் காட்டு."

அப்படி ஒருவனை அவளால் காட்ட முடியவில்லை. நின்ற இடத்தில் பொய் சொன்னவனைக் குப்பத்தில் எந்தக் கூட்டமும் சேர்க்காது. "போய்ச் சொல்லு," என்றாள் கடைசியில். "கழி நட முடியலன்னு எங்கிட்ட வந்து அழுவ மட்டும் கூடாது." அடுத்த தடவை சென்னைக்குப் புறப்பட்ட காலையில் அவனுக்கு வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகச் சோறு கட்டினாள்.

ரயிலில் மற்ற இருவரிடமும் சொன்னபோது ரோசி அழுதாள். "இப்பதாண்ணா கத்தரிக்கோல் புடிக்கறேன். இன்னும் பன்னெண்டு தடவை." ஞானதாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்காகத்தான் நாங்க கார்டைக் குடுத்தோம். இப்ப நீங்களே எங்களைக் காட்டிக் குடுக்கறீங்களா? நல்லா இருக்குது உங்க நியாயம்."

அவர் சொன்னது உண்மை. "உங்க பேரச் சொல்லல. நான் பண்ணத மட்டும் சொல்றேன்," என்றான் பூபதி. ஒருவன் மட்டும் எப்படி மூன்று அட்டையை மாற்ற முடியும் என்று ரோசி கேட்டாள். சென்ட்ரல் வரைக்கும் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டரின் அறைக்குள் நுழையும்போது ரோசி அவன் பின்னாலேயே வந்தாள். ஞானதாஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பூபதி நின்றுகொண்டே சொன்னான். டாக்டர் தேவதர்ஷினி முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இது உங்க ஏரி இல்லீங்க! ரெண்டு வருஷம்! பன்னெண்டு பேர்ல மூணு பேர்! எதுக்கு அத்தனை தடவை விளக்கிச் சொன்னேன்?"

"நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. எங்களுக்குத்தான் வேற மாதிரி நியாயம் தெரிஞ்சுது," என்றான் பூபதி. "திட்டுங்கம்மா. ஆனா திட்டி முடிச்சிட்டு ஒரு பேப்பர் எடுங்க. எந்தெந்தத் தபா யாரு யாரு கார்டுல உக்காந்தோம்னு சொல்றேன்."

"பதினெட்டு தடவையா? எப்படி ஞாபகம் இருக்கும்?"

"ஞாபகம் எதுக்கும்மா? பாடுன்னா முறை. முறைன்னா தப்பாது. மொத மூணு தபா அவங்கவங்க கார்டு. நாலாவது, நான் ஞானதாஸ் கார்டுல, அவரு ரோசி கார்டுல, ரோசி என் கார்டுல. அஞ்சாவது, நான் ரோசி கார்டுல..."

அவன் சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா ஓடத் தொடங்கியது. பதினொன்றாவதைச் சொல்லும்போது வாசலிலிருந்து ஒரு குரல் குறுக்கே வந்தது.

"பதினொண்ணு தப்பு." ஞானதாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கு என் கார்டு குத்துதுன்னு ரோசிக்குத் தலைவலி. எனக்கு வந்த பூபதி கார்டை அவங்களுக்குக் குடுத்துட்டு நான் என் கார்டுலயே உக்காந்தேன். எழுதினா ஒழுங்கா எழுதுங்க." சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பூபதியை மட்டும் பார்க்கவில்லை.

ரத்தக் குப்பிகளில் அட்டை எண் இல்லை, அவரவர் பெயர்தான் இருந்தது. அதனால் ரத்தம் யாருடையது என்பதில் குழப்பமில்லை. அலை யாருக்குப் போனது என்பதுதான் இதுவரை தவறாக எழுதப்பட்டிருந்தது. டாக்டர் தாளை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு, இனிமேல் உங்கள் மூன்று பேருக்கும் எந்திரத்தில் உட்கார அனுமதி இல்லை, விதி அப்படி, என்றார். மிச்சப் பன்னிரண்டும் அதோடு போயிற்று. ரோசி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மூன்று பேரையும் ஒரு தடவை வரச் சொன்னார்கள். கணக்குப் பார்த்த அந்த வெளிக் குழு அவர்களுடைய மூன்று அட்டையின் ரகசியத்தை மட்டும் திறந்திருந்தது.

"நிஜ அலை ஒரே ஒரு கார்டுலதான் இருந்தது," என்றார் டாக்டர். சொல்லத் தயங்கினார். "பூபதி, உங்க கார்டுல."

"என்னுதுல எதுவும் குத்தலயே."

"வெத்துக் கார்டைக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு அதுல தோலுக்கு மட்டும் சின்னதா கரன்ட் வெச்சிருந்தோம். அது தூக்கலாப் போயிடுச்சு. அதான் குத்தினது. நிஜ அலையை உங்க அளவைவிடக் கம்மியா வெச்சதால லேசா இருந்திருக்கு."

பூபதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையில் இருந்த நல்ல தண்ணீரை அவனே கெஞ்சிக் கூத்தாடி அடுத்தவருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். பதினெட்டும் அவனுக்கு வந்திருக்க வேண்டியது. கட்டை விரல் இந்நேரம் கழியைப் பிடித்திருக்குமோ என்னவோ. யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டத் தகுந்த ஆள் அந்த அறையில் அவன் ஒருவன்தான் இருந்தான். ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு எத்தினி கெடச்சுது?" என்று கேட்டான்.

"எட்டு."

"ரோசிக்கு?"

"ஆறு. ஞானதாஸுக்கு நாலு."

பூபதி ரோசியின் கையைப் பார்த்தான். அவள் அதை மடியில் மறைத்துக்கொண்டாள். "மறைக்காதம்மா," என்றான். "கத்தரிக்கோல் புடிச்சியே, அந்த ஆறுல ஒண்ணாவது வேலை செஞ்சிருந்தா சந்தோஷம்தான்." சொல்லிவிட்டு, இது உண்மைதானா என்று தனக்குள் தேடிப் பார்த்தான். பாதி உண்மையாக இருந்தது.

"அப்போ கிளியா அடங்குதா, இல்லியா?" என்று டாக்டரைக் கேட்டான்.

"மூணு பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நிறைய வாங்கினவங்களுக்கு அந்தப் புரதம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. தற்செயலாவும் இருக்கலாம். ஆனா 'அசையவே இல்ல'ன்னு எழுதினதைத் திரும்ப வாங்கிட்டாங்க. புது ஆளுங்களோட முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க." டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க. நீங்க வாயை மூடிக்கிட்டிருந்தா இந்தக் கேள்வியே செத்துப் போயிருக்கும்."

மீஞ்சூரில் இறங்குவதற்கு முன் ஞானதாஸ் பூபதியின் தோளில் கை வைத்தார்.

ஆவணிக்கு அப்போது பதினைந்து நாள்கூட இல்லை. சரோஜா வீட்டுப் பின்னால் மணலில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, ஒரு பழைய கழியைக் கொண்டுவந்து போட்டாள். "நடு," என்றாள். காலையில் சந்தைக்குப் போகுமுன் இருபது தரம், சாயங்காலம் வந்து இருபது தரம். கழி வழுக்கியது. உள்ளங்கை கிழிந்தது. அவன் எரிந்து விழுந்தால் அவளும் எரிந்து விழுந்தாள். விரல் பிடிக்காவிட்டால் முழங்கை மடிப்பில் கழியைக் கொடுத்து, நெஞ்சால் அழுத்தி, உடம்பையே திருகி இறக்கலாம் என்று எட்டாம் நாள் அவனே கண்டுபிடித்தான். அழகாக இருக்காது, ஆனால் இறங்கும்.

பாடு வந்த நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆறு பேரும் முகத்துவாரத்துப் பக்கத்து நல்ல இடத்துக்குப் போனார்கள். கூட்டத்துக்குப் பெரியவர் சுப்பராயலு. பூபதியின் மச்சான் ரஞ்சித்தும் அதில் ஒருவன். நீர் கடலுக்கு வடியத் தொடங்கும் நேரத்தில் வலை இறங்கியிருக்க வேண்டும். இறால் அதோடுதான் போகும். ஐந்து கழிகள் பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டன.

பூபதி இடுப்பளவு தண்ணீரில் நின்றான். வீட்டுச் சேறு வேறு, ஏரிச் சேறு வேறு என்று முதல் அழுத்திலேயே தெரிந்தது. கழி சாய்ந்து விழுந்தது. எடுத்தான். முழங்கையில் கொடுத்துத் திருகினான். ஒரு சாண் இறங்கியது, நீரோட்டம் பிடுங்கியது. மறுபடி விழுந்தது. கட்டை விரலைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னான்.

ரஞ்சித் கிட்டே வந்தான். "மச்சான், நான் அடில புடிச்சிக்கறேன். தண்ணிக்குள்ளதானே, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். தள்ளு."

நீர் வடியத் தொடங்கிவிட்டது. இடுப்பில் அது இழுப்பதை ஆறு பேரும் உணர்ந்தார்கள். யாரும் வாயே திறக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். முனியன் என்பவன் விடாமல் திட்டிக்கொண்டேதான் இருந்தான். இறால் எல்லாம் கடலுக்குப் போகிறது, வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று கத்தினான். ஆனால் பூபதியின் கழியை அவன் தொடவுமில்லை, தன் பக்கத்து வலையை அவிழ்க்கவுமில்லை.

பூபதி கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சைக் கழியின் மேல் சாய்த்தான். வலது கை விரல்கள் பாதிதான் மூடின. அந்தப் பாதியால் இறுக்கினான். வலமாகத் திருகினான், இடமாகத் திருகினான். தோளில் ஏதோ இழுத்துக்கொண்டது, விடவில்லை. எத்தனை நேரம் என்று அவனுக்குத் தெரியாது. கழி சட்டென்று கனத்தது, அடிச்சேற்றைக் கடித்துக்கொண்டது. அவன் கையை எடுத்தான். கோணலாக நின்றது, ஆனால் நின்றது. சுப்பராயலு வந்து இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"மாமா, பாதி நீர் போயிடுச்சு," என்றான் ரஞ்சித் சுப்பராயலுவிடம்.

"போனது ஆறு பேருக்கும் சேத்துதான் போச்சு," என்றார் அவர். "வலைய எறக்கு."